கேள்வி டாக்டரின் காலிக் கட்டம்

காய்ச்சல் என்று வந்தவனிடம், அவன் மாமியார் போன வாரம் என்ன மீன் சாப்பிட்டாள் என்று விசாரித்த டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். புதுப்பட்டினம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்தவர். எங்களுக்கெல்லாம் கேள்வி டாக்டர்.

எட்டாவதோடு நின்ற எனக்கு அங்கே சீட்டு எழுதும் தற்காலிக வேலை. சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் வரும் பழைய ஆட்கள் பெரிய டாக்டரிடம் போவார்கள். நாலு நிமிடத்தில் நாலு பேரை அனுப்பிவிடுவார். சளி, சொறி, மீன்முள் குத்தியது எல்லாம் கேள்வி டாக்டருக்கு. அவர் வரிசை மட்டும் வாசலைத் தாண்டி ரோட்டில் நிற்கும்.

"வீட்டுல எத்தனை ஜன்னல்?"

"இன்னா சார், வாடகைக்குப் பாக்கிறியா? மருந்தக் குடு சார், படகு காத்துகினு கீது."

ஒருமுறை வந்தவன் மறுமுறை வரமாட்டான். அங்கேதான் சிக்கல். அவருடைய பயிற்சி நோட்டில் ஒரு கட்டம் காலி: அவர் வைத்தியம் பார்த்த ஒருவரையாவது மறுபடி பார்த்ததாகப் பதிவு வேண்டும். அது இல்லாமல் பெரிய டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாமல் பரீட்சை இல்லை.

மனுஷன் மீன் மார்க்கெட்டுக்கே போய்விட்டார். "இருமல் எப்படி இருக்கு?"

"அண்ணாத்த, கேள்வி வருது, ஓடு!"

அப்படி ஓடிப் பிடித்த ஒருவனையும் பெரிய டாக்டர் ஏற்கவில்லை. "தொரத்திப் பிடிச்சதெல்லாம் சேராதுய்யா. அவங்களா தேடி வரணும்."

"நீங்களே ஒரு பேரு எழுதிக்கினா இன்னா சார்? சீட்டு நான் போட்டுத் தரேன்" என்றேன் கேள்வி டாக்டரிடம்.

என்னை உற்றுப் பார்த்தார். "உட்காரு. சரியா தூங்குறியா? எங்க தங்கியிருக்க? யாரு சமைக்கிறா?" முக்கால் மணி நேரம். கடைசியில் எனக்குப் பிரஷர் என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். "பதினஞ்சு நாள்ல வா."

அந்த வாரமே என் வேலை போனது. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் கல் தூக்கப் போனேன். விட்ட ஊருக்குத் திரும்பிப் போவது என் வழக்கமில்லை.

பதினைந்தாம் நாள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். ரோட்டில் வெயிலில் நின்று உள்ளே போனபோது, அவர் நோட்டைத் தேடவில்லை. "வேலை போச்சாமே, சாப்பாட்டுக்கு என்ன பண்ற?" என்றுதான் ஆரம்பித்தார்.

"சீக்கிரம் வாய்யா வெளிய!" என்று பின்னால் ஒருவன் கத்தினான்.

நான் எந்தக் கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லவில்லை.