பச்சையில் ஆடிய கோடும் ஒரு பெட்டி போளியும்

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், அந்த வீட்டில் கரண்டில் ஓடும் எதுவும் உருப்படாது. எங்கள் வீட்டுக்கு அந்தப் பிள்ளை நான்தான்.

அப்பா அம்மாவின் முப்பதாம் கல்யாண நாள் வந்தது. அவர்களுடைய பழைய கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பந்தலில் எல்லாருக்கும் போட்டுக்காட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். (சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதைதான்.)

இதில் அம்மாவுக்கு ஒரு பெரிய காரியம் இருந்தது. அப்பாவின் அக்கா, காரோடு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் காரோடு மாமி, அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை. காரணம் போளி. எங்கள் பக்கத்தில் பால்பாயசத்தைப் போளி இல்லாமல் இலையில் விளம்பினால் அது பந்தியே இல்லை. பெண்வீட்டுப் பந்தியில் மாமியின் புகுந்த வீட்டார் உட்கார்ந்தபோது பாயசம் வந்தது, போளி வரவில்லை. "தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டார்கள். தன் மாமியாரின் முகத்தைப் பார்த்த மாமி, இலையை மடக்கிவிட்டு எழுந்தவள்தான்.

எப்படியாவது மாமியை வரவழைக்க வேண்டும் என்று அம்மா காரோட்டுக்கே போய் அழைத்தாள். "கேசட்டுல எங்க அப்பா உண்டுன்னா வாறேன்" என்றாளாம் மாமி. தாத்தாவின் நடமாடும் உருவம் வேறு எதிலும் இல்லை.

ஆகவே நான் மிகுந்த பொறுப்போடு வேலையில் இறங்கினேன். கேசட் ஓட்டும் பெட்டியிலிருந்து ஒரு வயர் டிவிக்கு, ஒரு வயர் லேப்டாப்புக்கு. அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோட்டைக் கண்கொட்டாமல் பார்த்தேன். பச்சையில் ஆடினால் நல்லது, சிவப்புக்குப் போனால் கேடு. சத்தம் கூடினால் குறைத்தேன், குறைந்தால் ஏற்றினேன்.

ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில், கேசட்டுக்குப் பதிலாக லேப்டாப்பின் சொந்த மைக் இருந்தது. டிவியில் ஒலித்த கல்யாணத்தோடு அறையில் பேசிய எல்லாமும் சேர்ந்து பதிவாகிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் அம்மாவின் குரல் கணீரென்று கேட்டபோதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எங்கள் அம்மாவின் குரல் சுவரையே துளைத்துப்போகும், ஹெட்போன் எம்மாத்திரம் என்று இருந்துவிட்டேன்.

விழா அன்று மாமி வந்தாள். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்து, மரியாதைக்காக டிவி ரிமோட்டையும் அவள் மடியில் வைத்தாள். மைக்செட்காரரின் பெரிய ஸ்பீக்கரை டிவியோடு இணைத்திருந்தேன். சர்ச்சில் பாட்டு, தாத்தா நடந்து வருகிறார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

திரையில் பாஸ்டர் ஜெபிக்கத் தொடங்கினார். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் முழங்கியது.

"இந்த ஜெபம் எப்ப தீரும்னு எனக்குக் காலு கடுத்துது."

பந்தலில் ஒரு தலை திரும்பியது. அடுத்து, பெருங்கடவிளையில் இருக்கும் எங்கள் சித்தப்பா திரையில் வந்தார்.

"அந்தக் கோட்டு இரவல் வாங்கினதாக்கும். தோளுல நிக்குதா பாரு."

இரண்டாம் வரிசையில் இருந்த சித்தப்பா தன் தோளைப் பார்த்துக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்தது பந்திக் காட்சி.

"மாமி, அந்த ரிமோட்டைக் கொஞ்சம் தாருங்க" என்று கையை நீட்டினேன்.

"இரி மக்கா. கேக்கட்டு."

அந்த இடத்தில் அம்மா குரலைத் தாழ்த்தி ரகசியமாகத்தான் பேசியிருந்தாள். கோடு இறங்குகிறதே என்று கடமை தவறாத நான் சத்தத்தை ஏற்றிவிட்டிருந்தேன். எனவே மொத்தப் பதிவிலும் மிகத் தெளிவாகக் கேட்டது இதுதான்.

"போளி தீந்துபோனது ஒண்ணும் இல்ல. எங்க அண்ணன் ஒரு பெட்டிய உள்ளறையில ஒளிச்சு வச்சிட்டாரு. மறுநாளு நாமதானே தின்னோம்."

தொடர்ந்து அப்பாவின் குரல். "நானும் நாலு தின்னேன், கேட்டியா. நல்ல மயமா, பஞ்சு மாதிரி இருந்துது."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமி எழுந்தாள். போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் திரும்பியது அம்மா பக்கம் அல்ல, அப்பா பக்கம்.

"எலே தங்கராசு. எனக்க மாமியாருக்க முன்னால நான் நாணங்கெட்டு எறங்கிப் போனேன். நீ நாலு தின்னியாலே?"

"ரெண்டுதான் அக்கா" என்றார் அப்பா, பாவம்.

ஸ்பீக்கர் விடவில்லை. "அதையும் பால்பாயசத்துல முக்கியாக்கும் தின்னேன்."

முதலில் சிரித்தது சித்தப்பா. பிறகு பந்தலே சிரித்தது. மாமி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கூடப்பொறந்தவன் தின்னதுக்கு இத்தன வருசம் உன்னையல்லவா பிள்ளே பழி சொன்னேன்." அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்கும் அதுல பங்கு உண்டு மைனி."

பந்தியில் மாமி அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அவர் இலையில் விழுந்த போளியைத் தன் இலைக்கு மாற்றினாள். இன்றுவரை குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் அப்பாவின் போளி மாமிக்குத்தான். அப்பா பாயசத்தை வெறுமனே குடிக்கிறார்.

கேசட்டை இன்னொரு தடவை சரியாக ஏற்றித் தருகிறேன் என்று மாமியிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் மக்கா, இது மதி, இதே போதும். இதுலதான் எல்லாம் நல்லா கேக்குது" என்றாள்.

அம்மா இப்போதும் யாரைப் பற்றியாவது குரலைத் தாழ்த்தினால், அப்பா முதலில் எழுந்துபோய் என் லேப்டாப்பை மூடிவிட்டு வந்துதான் காது கொடுக்கிறார்.