குளத்துக்கு வழி சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஞாயிறு மலர் ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பயந்துகொண்டே எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக இதைப் படிக்கும்போது கோபமில்லாமல் இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். 'நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அமைதி' என்ற உங்கள் பகுதிக்கு என் அப்பா ஒரு கட்டுரை அனுப்பப் போகிறார். தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

அப்பாவுக்குத் தகரப் பட்டறையில் வேலை. எந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால், அவர் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலே மாடி வீட்டுக்காரர் உப்பு எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். அம்மா துணிக்கடையில் நாள் முழுதும் நின்றபடியே துணி விரித்துக் காட்டுகிறார். ஞாயிறு ஒன்றுதான் எங்களுக்கு. உங்கள் பகுதியைப் படித்துவிட்டு முதலில் 'யாரும் அறியாத ஏரி'க்குப் போனோம். அங்கே ஏரியைவிட வரிசை நீளமாக இருந்தது, வரிசையில் எல்லோர் கையிலும் உங்கள் பத்திரிகை இருந்தது. அப்பா முன்னால் நின்றவரிடம், "யாருக்கும் தெரியாதுன்னு போட்டிருந்தாங்களே?" என்று கேட்க, அவர், "ஆமாங்க, எனக்கும் தெரியாது, அதான் வந்தேன்" என்றார். அடுத்த வாரம் 'பறவைகள் பாடும் காடு'. அங்கே பாடியது ஒலிபெருக்கி. "செவப்புச் சட்டை போட்ட சார், மரத்துல ஏறாதீங்க, உங்களத்தான்!" சிவப்புச் சட்டை அப்பாதான், பறவை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஏறியிருந்தார். அதற்கடுத்து மூலிகைப் பூங்கா. ஆட்கள் மிதித்துப் புல் செத்துவிட்டதால், மறுபடி வளரும் வரை மூடியிருக்கும் என்று பலகை தொங்கியது. அம்மா பூட்டிய கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தடவிக்கொண்டே, "அமைதிதானே வேணும்? நானும் பொண்ணும் கதவைச் சாத்திக்கிட்டு வீட்ல இருக்கோம். நீங்க மட்டும் வெளிய இருங்க, போதும்" என்றார்.

அன்று திரும்பும்போது மூன்று பேரும் பேருந்தில் அசந்துவிட்டோம். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் எழுப்பினார். அடுத்த வண்டிக்கு நேரம் இருந்ததால் கொஞ்ச தூரம் நடந்தோம். அங்கேதான் அந்தக் குளம். பெரிதாக ஒன்றுமில்லை. நாணல், பாதி சாய்ந்த ஒரு மரம், அசையாமல் நின்ற ஒரு கொக்கு. அம்மா காலைத் தண்ணீரில் விட்டார், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அப்பா என்னிடம், "ஏய், அம்மா தூங்குறா பாரு" என்றார். ஐயா, அதை அவர் மெதுவாகச் சொன்னார். கொக்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இப்போது ஞாயிறுதோறும் அங்கேதான் போகிறோம். வீட்டில் எவ்வளவு பேசினாலும் தீராத சண்டை அங்கே ஆரம்பிப்பதே இல்லை.

அதைத்தான் அப்பா இப்போது ஊருக்கே சொல்லப் போகிறார். "பத்திரிகையில என் பேரு வரணும்டி, பட்டறையில அத்தனை பேரும் பாக்கணும்" என்று பல நாளாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி, யாருக்கும் காட்டாமல் முடித்திருக்கிறார். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம், நாளை நான்தான் நகல் எடுக்க வேண்டும். தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு அப்பா தனக்குள் சிரித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டேன், மனசு வரவில்லை.

இது சுயநலமா என்றும் யோசித்தேன். ஏரியில் கூட்டம் கூட்டம் என்று நாங்கள் திட்டினோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் அப்படித்தான் திட்டியிருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் கால் வலிக்கிற ஓர் அம்மா இருப்பார். அவர்களுக்கும் குளம் வேண்டும்தான். ஆனால் எல்லோரும் ஒரே ஞாயிறு வந்தால் யாருக்கும் குளம் இருக்காதே, ஐயா. இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் யாராவது யோசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தங்கள் பத்திரிகை நன்றாக விற்கட்டும். அந்த ஒரு பக்கம் மட்டும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் எழுதப் பயப்படும் வாசகி

பின்குறிப்பு: இதுவரை எழுதி முடித்தபோது கதவு தட்டப்பட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "இவ்ளோ நேரமா உள்ள என்னடி பண்ற?" என்றார் அப்பா. வயிற்றுவலி என்றேன். அவர் போகவில்லை. "நாளைக்கு நகல் எடுக்கும்போது ஒண்ணு கவனி. பஸ்ஸ விட்டு எறங்கி எடது பக்கம் திரும்பணும்னு எழுதியிருக்கேன். பெரிய புத்திசாலியாட்டம் திருத்தி வச்சிடாத."

"குளம் வலது பக்கம்ல இருக்கு? எடது பக்கம் போனா சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற எடம்தாம்பா வரும்."

"வரட்டுமே. அங்கயும் காத்து நல்லாத்தான் அடிக்கும்."

ஆகையால் ஐயா, இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. அப்பாவின் கட்டுரை மட்டும் வரும். தயவுசெய்து போடுங்கள், பெயரைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். 'இடது' என்ற சொல்லை மிகவும் அழகாக எழுதியிருப்பேன்.