எங்கள் மலாய் வகுப்பைத் தட்டிப் பார்க்க வந்த துவான்

காஜா பெராங், மலாக்கா.
ஆகஸ்டு 1962

செரம்பானில் மனைவி மக்களோடு சீரும் சிறப்புமாய் வாழும் என் மரியாதைக்குரிய மச்சான் நல்லையா அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய கலியாணசுந்தரம் பணிவுடன் எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இவ்விடம் யாவரும் சுகம். உங்கள் தங்கை சாரதாம்பாளின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதுவும் நடக்கும்போதுதான் வலிக்கிறது, என்னை ஏசும்போது வலிப்பதாகத் தெரியவில்லை. அவ்விடம் தங்கள் நலம் அறிய ஆவலாயிருக்கிறோம்.

நிற்க. சென்ற கடிதத்தில் தாங்கள், "கிழடுகளை உட்கார வைத்து மலாய் சொல்லிக் கொடுக்கிறதாம் அரசாங்கம், காசைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டுகிற வேலை" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு மண்டை சூடாகிவிட்டது. மச்சானாச்சே என்று பார்க்கிறேன். அந்தக் கிழடுகளில் நானும் ஒரு கிழடு, தெரியுமில்லையா? நீங்க செரம்பானிலேயே பிறந்த ஆள், உங்களுக்கு என்ன, காலை ஆட்டிக்கிட்டு எழுதிடுவீங்க. நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவன். அரை ஆயுசு இங்கேயே போயாச்சு, கையில் இன்னும் குடியுரிமை இல்லாதவனுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி அட்டைதான். உங்க தங்கைக்கும் பிள்ளைங்களுக்கும் நீலம். வீட்டில் நான் ஒருத்தன்தான் விருந்தாளி. தீபாவளி கழிஞ்சதும் குடியுரிமைக்கு நேரில் கூப்பிடுவாங்க, ஒழுங்கான மலாயில் பதில் சொல்லணும். துணிக்கடையில் நின்ன காலமெல்லாம் நான் கத்துக்கிட்டது விலை சொல்ற மலாய்தான். அதைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்டா நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கும். இந்த வகுப்பு இருந்தாத்தான் மச்சான் நான் இந்த நாட்டு ஆள், இல்லாட்டி கடைசி வரைக்கும் வந்தவன் வந்தவன்தான்.

அப்படியிருக்க, போன மாசம் ஒரு சேதி வந்தது: கோலாலம்பூரிலிருந்து இலாகாவின் பெரிய அதிகாரி, துவான் ஒருத்தர் வர்றார், இந்த வகுப்புக்கு அரசாங்கம் பண்ற செலவுக்குத் தக்க பலன் இருக்கா, இல்லை மூடிடலாமா என்று பார்க்கப் போறார் என்று. மூடிட்டா என் குடியுரிமை என்ன ஆகும் என்று ராத்திரி பூரா கணக்குப் போட்டேன். ஆனாலும் மச்சான், ஒன்று சொல்றேன், வெள்ளைக்காரன் காலத்தில் எவனாவது வந்து கேட்டானா? ரோடு போட்டான், குழியும் அவனே விட்டான், ஒரு துரை வந்து குனிஞ்சு பார்த்ததுண்டா? நம்ம அரசாங்கம் இந்த ராத்திரி வகுப்புக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்துட்டு, அது எரியுதா என்று கோலாலம்பூரிலிருந்து வந்து எட்டிப் பார்க்குது. அந்தத் துவானும் சும்மா வரலை. பெஞ்சில் தானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். சாரதாம்பாள் பசாரில் மீன் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை. பார்த்ததும் எனக்குப் பயத்திலும் ஒரு மரியாதை வந்துடுச்சு. நம்ம வரிப்பணத்துக்கு இப்படி ஒரு காவல்காரர் இருக்கார் என்றால் சும்மாவா!

இப்போ எங்க வகுப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லணும். பாதிப்பேர் என்னைப் போல. மீதிப்பேர் பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டிப் பெண்கள். இவங்க நம்மளை மாதிரியே மாரியம்மனைக் கும்பிடறவங்க, நெற்றியில் திருநீறு, பொங்கலெல்லாம் நம்மளைவிடச் சுத்தமா வைப்பாங்க, பேரும் தெய்வானை, இந்திரா என்றுதான் இருக்கும். ஆனா வாயைத் திறந்தா மலாய்தான், தமிழில் நாலு வார்த்தை தேறாது. எத்தனையோ தலைமுறையா அவங்க வீட்டுப் பேச்சே அதுதான். பேசத் தெரியும், எழுத்து தெரியாது. அதுக்காகத்தான் வகுப்புக்கு வர்றாங்க. இது மலாக்காவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கோலாலம்பூர் துவானுக்கு யார் சொன்னது?

துவான் முதல் பெஞ்சில் இருந்த தெய்வானை அம்மாவைப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு, பேரைக் கேட்டார், சுத்தமான இந்துப் பேர். பாவம், தமிழச்சி, திணறப் போறாள் என்று நினைச்சு மெதுவா, ஒவ்வொரு சொல்லா மலாயில் கேட்டார். அந்த அம்மா வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிட்டு ஆரம்பிச்சா பாருங்க! துவான் எந்த ஊர், எத்தனை பிள்ளைங்க, ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கீங்க என்று கேட்டு, முடிவில் அவரைக் கிண்டல் பண்ணி நாலு வரி மலாய்ப் பந்துன் பாட்டும் ஒண்ணு எடுத்துவிட்டா. துவான் வாயைப் பிளந்துட்டார். இந்த வகுப்பு தொடங்கியே கொஞ்ச மாசம்தானே, அதுக்குள்ளவா இப்படி என்று கேட்டார். வீட்டில் யார் யார் மலாய் பேசுவாங்க என்று கேட்டதுக்கு, "பேரப்பிள்ளை வரைக்கும் எல்லாரும் இப்படித்தான் துவான்" என்றா அந்த அம்மா. உடனே துவான், "பார்த்தீங்களா, ஒரு ஆளுக்குச் செலவு பண்ணினோம், குடும்பமே கத்துக்கிச்சு!" என்று கூட வந்தவர் முதுகில் தட்டினார். அடுத்து அவங்க பரம்பரை உடுப்பான மலாய்க் கெபாயாவையும் சாரோங்கையும் பார்த்துட்டு, உடுப்புகூடவா மாறிப் போச்சு என்று கண் கலங்காத குறைதான். எங்களுக்குப் பாடம் எடுக்கிற யூசோப் வாத்தியார் பாவம், ரெண்டு தடவை எழுந்து, "துவான், இவங்க வந்து..." என்று ஆரம்பிச்சார். "அடக்கம் போதும் வாத்தியாரே, உட்காருங்க" என்று துவான் அமுக்கிட்டார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். நீளமா ஏதோ கேட்டார், ஒரு எழுத்துகூடப் புரியலை. ஆனா முகம் புரிஞ்சது மச்சான். துணியைத் தடவிக்கிட்டே வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆளோட முகம்! எத்தனை வருஷம் பார்த்த முகம்! என்னை அறியாமலே, "மூரா, துவான்! பாராங் பாயிக்! லாயின் தெம்பாட் தா டாப்பாட்!" என்று கத்திட்டேன். சல்லிசுங்க, நல்ல சரக்கு, வேற இடத்தில் கிடைக்காது; கடையில் நான் சொல்றது அதுதானே. துவான் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அரசாங்கச் செலவைப் பற்றி இவ்வளவு தெளிவா ஒரு பொதுஜனம் சொல்லி இதுவரை கேட்டதில்லையாம். அவர் கேட்டதே, இந்த வகுப்பு செலவுக்கு ஏற்றதா என்பதுதானாம், பிறகு வாத்தியார் சொன்னார்.

கிளம்பும்போது, நான் பார்த்த வகுப்பிலேயே இதுதான் முதல் தரம் என்று சொல்லிட்டுப் போனார். ஆகையால், அரசாங்கம் காசை ஆற்றில் கொட்டவில்லை என்பதைத் தாங்கள் இப்போது ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன். எழுதியது தவறு என்று அடுத்த கடிதத்தில் நாலு வரி எழுதவும். சாரதாம்பாள் முன்னால் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரமும், குழந்தைகளுக்கு எங்கள் ஆசியும். மாரியம்மன் தங்கள் குடும்பத்தைக் குறைவின்றி வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது யூசோப் வாத்தியார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். உத்தரவு வந்துடுச்சாம். காஜா பெராங் வகுப்பு நினைச்சதுக்கு மேலேயே பலன் கொடுத்திருச்சாம், எல்லாரும் தேறிட்டதால் இனிமேல் இங்கே செலவு வேண்டாம், மூடிடுங்க என்று எழுதியிருக்காம். விளக்கு, கரும்பலகை, வாத்தியார் எல்லாம் ஜொகூர்ப் பக்கம் போகுது. இப்பத்தான் எழுத்துக் கூட்ட ஆரம்பிச்ச தெய்வானை அம்மா, சேதி கேட்டதும் சிலேட்டை வாத்தியார் கையிலேயே திருப்பிக் கொடுத்துட்டாங்களாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு மச்சான். அந்தத் துவான் மேல் இப்பவும் எனக்குக் கோபம் வரலை, மனுஷன் சுறுசுறுப்பு அப்படி. வாத்தியார் சொல்றார், செரம்பானில் உங்க வீட்டுக்குப் பக்கத்திலேயே இதே மாதிரி ஒரு வகுப்பு நடக்குதாமே? திங்கக்கிழமை பஸ்ஸில் வர்றேன். தீபாவளி வரைக்கும் உங்க கூடத்தில் ஒரு பாய் போதும். நீங்க தப்பு என்றெல்லாம் எழுத வேண்டாம். ஒரே ஒரு உதவி: துவான் அடுத்து அங்கேதான் வர்றாராம். யாருக்கும் மலாய் வரலை என்றாலும் மூடுவார், எல்லாம் வந்துடுச்சு என்றாலும் மூடுவார். வாசலிலேயே அவரை மடக்கி, இங்கே எல்லாருக்கும் சரியாப் பாதிதான் வந்திருக்கு என்று நீங்க அடிச்சுச் சொல்லணும்.