நான் மொழிபெயர்த்த பறங்கியர் வரலாறு

‘தெரியாது’ என்று சொல்லப் பழகும்போது எனக்கு இருபத்துநான்கு வயது. அதுவரை யார் எதைக் கேட்டாலும் “ஓம், தெரியும்” என்பேன். (சைக்கிள் ஓடத் தெரியுமா என்றதற்கும் அப்படித்தான் சொன்னேன். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.)

அந்த வருடம் ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் மட்டக்களப்புக்கு வந்தார். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் போன பிறகும் எங்கள் வாவிக்கரையிலேயே தங்கிவிட்ட அவர்கள் வழிவந்த பறங்கியரின் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டுமாம். போர்த்துக்கீசத்திலிருந்து பிறந்த பேச்சு அது. வெளியே தமிழ், வீட்டுக்குள் அது. அவருடைய ஆட்களும் ஒருகாலத்தில் அப்படித்தானாம். பழைய ரஷ்யாவின் எல்லைப்புறப் புல்வெளியில், சுற்றிலும் வேறு பாஷைக்காரர் நடுவே, தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் பேசி வாழ்ந்தவர்கள். பிறகு அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். “எங்கள் ஊரில் இப்போது ஒருவரும் இல்லை” என்றார்.

மொழிபெயர்க்க ஆள் தேடினார். “பறங்கியர் பேச்சுத் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியும் என்றேன். கல்லடியில் எங்கள் பக்கத்து ஒழுங்கையில் பறங்கியர் இருந்தார்கள். அவர்கள் என்னோடு தமிழைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

முதல் பதிவு, தச்சுவேலை செய்யும் அல்பர்ட் அங்கிள் வீட்டில். அவருடைய மகன் றெஜி கதவோரம் நின்றார். பேராசிரியர் வெள்ளைக் காற்சட்டையில் வந்திருந்தார்; முடிந்ததும் நேரே ஒரு பெரிய அதிகாரியைப் பார்க்கப் போகவேண்டும். “பதிவு தொடங்கினால் தமிழ் வரவே கூடாது” என்றார் கண்டிப்பாக. நான் அதைத் தமிழில் சொல்ல, அங்கிள் பயபக்தியோடு தலையாட்டினார். பேராசிரியர் மூலையிலிருந்த பிரம்புக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கருவியைத் தொடக்கினார்.

அங்கிள் பதறிப்போய் ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது ‘கதேரா’ என்ற ஒரே சொல். கதிரைதான். (நாங்கள் அந்தச் சொல்லைக் கடன்வாங்கியதே போர்த்துக்கீசத்திலிருந்துதானே.) ஒன்று போதாதா எனக்கு? “எங்கள் முன்னோர் அதிகாரக் கதிரையில் இருந்தவர்கள் என்கிறார்” என்றேன்.

பேராசிரியர் எழுதிக்கொண்டார். அங்கிள் இரண்டு கைகளையும் மேலே தூக்கித் தூக்கி இன்னும் சத்தமாகச் சொன்னார்.

“அலை எழும்பியது, கப்பல்கள் போய்விட்டன என்கிறார்.”

அங்கிள் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

“எங்களைக் கரையில் விட்டுப் போனார்கள். பேச்சு ஒன்றுதான் மிச்சம் என்கிறார்.” சொல்லிவிட்டு நானே கைலேஞ்சியைத் தேடினேன்.

பேராசிரியர் கண்ணைத் துடைத்தார். “என் அப்பாவும் இதையேதான் சொல்லுவார்” என்று, அங்கிளைக் கட்டிப்பிடிக்க எழுந்தார். கதிரையும் கூடவே எழுந்தது.

அங்கிள் தமிழுக்கு வந்துவிட்டார். “காலையிலதான் வார்னிஷ் அடிச்ச கதிர, மகள். எழும்பச் சொல்லுங்க, எழும்பச் சொல்லுங்க எண்டு எத்தின தரம் சொல்ற?”

றெஜி கதிரையைப் பிடிக்க, நான் பேராசிரியரைப் பிடிக்க, ஒருவழியாகப் பிரித்தெடுத்தோம். வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கத்தில் பிரம்புப் பின்னல் அப்படியே மண்ணிறத்தில் அச்சாகியிருந்தது. “எனக்கு அந்தப் பாஷை தெரியாது, சேர்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி, அன்று எழுதியதையெல்லாம் அடித்தார். “எங்கள் ஆட்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதிலும் எத்தனை வார்னிஷ் கதிரைகள் இருக்கின்றனவோ” என்றவர், அங்கிளின் சாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனார்.

மறுநாளிலிருந்து றெஜிதான் மொழிபெயர்ப்பாளர். நான் ஒலிவாங்கி பிடித்தேன்.

“உங்களுக்கு இங்கிலீஷ் விளங்கும்தானே. ஏன் அப்பவே சொல்லல்ல?” என்று அவரிடம் கேட்டேன்.

“சொல்லத்தான் வந்தன். அதுக்குள்ள நீங்க கப்பல அனுப்பிப்போட்டீங்க. மறுகா என்ன நடக்குமெண்டு கேக்க ஆசையாப் போச்சி.”

அந்த ஆசைக்காரரையே இரண்டு வருடம் கழித்துக் கட்டிக்கொண்டேன். அந்த வீட்டில் நான் மழை பெய்கிறது என்றாலும், “கேட்டதா, சேத்ததா?” என்று விசாரித்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

போன வருடம் அல்பர்ட் அங்கிள் காலமானார். பெட்டியைச் சுற்றி நின்ற முதியவர்கள் தங்கள் பேச்சில் ஏதோ சொல்லி அவரை வழியனுப்பினார்கள். இப்போது எனக்கு ஓரளவு விளங்கும்.

“என்ன புள்ள சொல்றாங்க?” என்று என் அம்மா கேட்டா.

“‘நீங்க முன்னுக்குப் போங்க, நாங்க ஆறுதலா வாறம்’ எண்டு சொல்றாங்கம்மா.”

அழுதுகொண்டிருந்த என் மச்சாள், றெஜியின் தங்கை, முகத்தை நிமிர்த்தினாள். “கேட்டதா, சேத்ததா?”

அவ்வளவு துக்கத்திலும் வீடு முழுக்கச் சிரித்துவிட்டது. கேட்டதுதான் என்று சத்தியம் செய்தேன். அந்த அவசரமில்லாத ‘ஆறுதலா’ மட்டும் நான் சேர்த்தது.