எங்கள் அடுக்களையில் ஒரு ரயில் நிலையம்

பேருந்தைக் கண்டாலே வயிறு கலங்கும் பெருமைக்குரிய அப்பா நம்பிராஜன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் ஒரே மகளும் ஆகையால் மூத்த மகளும் ஆகிய சுகப்பிரியா ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மிகப் பணிவோடு (நம்புங்கள்) எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் சுகம். யாவரும் என்றால் நான், அம்மா, டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி. கடையத்தில் தாங்களும், கோயில் கொடை விழாக்களுக்கு வாடகைக்கு விடும் தங்கள் ரேடியோ செட்டும் சுகமா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "அம்மாட்ட குடு" என்பீர்கள், அம்மா கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றுகொண்டிருப்பாள், "சரி, வைக்கேன்" என்பீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் கிளம்பும்போது நீங்கள் என்னிடம் தனியாகச் சொன்னது ஞாபகம் இருக்கும். "தாம்பரம் வரைக்கும் ரயில்ல வந்துருவேன்ட்டி. அதுக்கு மேல பஸ்ஸுல்லா. எனக்கு பஸ்ஸு ஆவாது, குடலே வெளிய வந்துரும். அந்த ஊருக்கு ரயில் வரட்டும், மறுநாளே வாரேன்." நான் அதை அப்படியே நெஞ்சில் எழுதிவைத்தேன். கடையத்தில்கூட ஸ்டேஷன் இருக்கிறது, ஊருக்கெல்லாம் கார் செய்து அனுப்புகிற எங்கள் ஊரில் இல்லை. என்ன நியாயம் இது என்று நான் பல்லியிடம் கேட்காத நாளில்லை.

இப்போது கேளுங்கள் நல்ல சேதியை. பஜாருக்கு மேலே பாலமும் அதற்குப் பின்னால் ரயிலும் கொண்டுவரப் போகிறார்களாம். அளக்க வந்தவர்கள் எங்கள் தெருமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பை நட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் பள்ளிப் பையோடு அந்தக் கம்பருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நின்றது மட்டும்தான் நான். கம்பெனி ஹாஸ்டல் அக்கா ஒருத்தி வந்து எனக்குப் பின்னால் நின்றாள். இங்கே கம்பெனி பஸ் நிற்கிற இடம் அடிக்கடி மாறும், யாராவது நாலு பேர் வரிசையாக நின்றால் மற்றவர்களும் போய் நின்றுவிடுவார்கள், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஷிப்ட் போய்விடும். கொஞ்ச நேரத்தில் வரிசை வளையல் கடையைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்த இன்ஜினியர் ரகு சார் தன் கம்பு எங்கே என்று தெரியாமல் அவரும் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற அண்ணன், "புதுசா சார்? எந்த லைன்?" என்று கேட்க, அவர் பாவம், "ரயில் லைன்" என்றார். கூட்டத்தைப் பார்த்து பஸ்ஸும் நின்றுவிட்டது. எல்லோரும் ஏறிப் போன பிறகு கம்பும் நானும் அவரும் மட்டும் நின்றோம். அவர்தான் வரைபடத்தை விரித்துக் காட்டினார். கோடு எங்கள் லைன் வீட்டை ஒட்டிப் போகிறது. ஸ்டேஷன் எங்கே என்று ஊரைக் கேட்ட பிறகுதான் முடிவு செய்வார்களாம்.

ஊரைக் கேட்கக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பஜார்க்காரர்கள், பாலம் வந்தால் கடைகள் இருட்டாகிவிடும் என்றார்கள். கோயில் தெரு ஸ்ரீநிவாசராகவன் மாமா எழுந்து, "பாலம் இருக்கட்டும், தேர் எங்கே திரும்பும், அதைச் சொல்லுங்கோ" என்றார். ரயில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது, அடுத்த தெருவில். அப்போது மைக்கை நான் வாங்கினேன். "சார், ஸ்டேஷன எங்க வீட்டு மேலயே வச்சிருங்க. அடுக்களைதான் பிளாட்பாரம். எங்கப்பா இறங்கினா நேரா தட்டு முன்னால உக்காந்துரலாம்." மண்டபமே சிரித்தது. வீட்டுக்காரம்மா தாயாரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னாடி, வாடகைக்குக் கீற நீ என் வூட்டு மேல ரயில வுடச் சொல்றியா? உங்கம்மா வரட்டும். ஆடி முடிஞ்சதும் ரூம காலி பண்ணிகினு கெளம்புங்க."

அம்மாவுக்கு இன்னும் இது தெரியாது. நான் பள்ளிக்குப் போகும்போது அவள் தூங்குகிறாள், நான் தூங்கும்போது அவள் வேலை செய்கிறாள். தட்டு கவிழ்ந்திருந்தால் சோறு இருக்கிறது, நிமிர்ந்திருந்தால் நானே ஆக்கிக்கொள்ள வேண்டும், அதுதான் எங்கள் பேச்சு. பரவாயில்லை. ரூம் போனால் போகிறது, ரயில் வருகிறதே. வந்த மறுநாள் என்று சொல்லியிருக்கிறீர்கள், துண்டில் முடிச்சுப் போட்டுக்கொள்ளவும்.

தங்கள் ஸ்பீக்கர்கள் கரகரக்காமலும், கொடைக்குக் கொடை கூப்பிடப்பட்டும் தாங்கள் பல்லாண்டு வாழ வல்லக்கோட்டை முருகனை வேண்டும்,
அன்பு மகள்
சுகப்பிரியா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அம்மா வந்துவிட்டாள். தாயாரம்மாள் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடிப்பாள் என்று நினைத்தேன். "எதுக்குட்டி அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். உங்கள் குடல் விஷயத்தைச் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அவுகளுக்கா பஸ்ஸு ஆவாது? கல்யாணத்துக்கு முன்ன மினிபஸ்ல கண்டக்டரு. படியில தொங்கிக்கிட்டே புரோட்டா திம்பாக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அடுத்த முறை பொய் சொல்லும்போது கொஞ்சம் சின்னதாகச் சொல்லுங்கள் அப்பா. இதை நம்பி நான் ஊர்க்கூட்டத்தில் ஒரு ஸ்டேஷனே கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் ரூம் தேடப் போகிறோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.