வகுக்கணுமா சார்?

“அந்தச் சாய்கோடு எதுக்கு சார்? வகுக்கணுமா?”

கேட்டது கணக்குப் பிரிவு மேடம். மென்பொருள்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த அலுவலக நெட்வொர்க்கில் எந்தெந்தக் கம்ப்யூட்டர் கணக்கைத் திறக்கலாம் என்பதை, அவற்றின் முகவரி எண்களைப் பார்த்து அவர் எழுதிய மென்பொருள்தான் முடிவு செய்யும். முதல் எண்ணைப் போட்டு, சாய்கோடு இழுத்து, 24 என்று முடித்தால் மொத்த வரிசையும் அடங்கிவிடும். ஊர் உலகமே அப்படித்தான் எழுதுகிறது. இந்த அம்மாவுக்கு மட்டும் வகுக்க வேண்டுமாம்.

“வகுக்க வேணாம் மேடம். விளக்கம் பிரிண்ட் எடுத்துத் தரேன்.”

பிரிண்டரோ காகிதத்தை மென்றுகொண்டு நின்றது. முணுமுணுத்தபடியே மூடியைத் திறந்து, கசங்கியதை உருவி, அதையும் ஓடவைத்துவிட்டுப் போனார்.

மறுவாரம் சாய்கோட்டைத் தூக்கிவிட்டு, 1-254 என்று நடுவில் சின்னக் கோடு போட்டார். உடனே போன் வந்தது.

“இது கழித்தலா சார்? நேர்ல வந்து சொல்லிடுங்களேன்.”

போனார், சொன்னார். பிரிண்டர் பழையபடி நின்றிருந்தது. அதையும் பார்த்தார்.

கோடே வேண்டாமென்று கடைசி எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி வைத்தார்.

“பெருக்கணுமா சார்?”

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினார். “கணக்கு போடறவங்களுக்கு எதைப் பார்த்தாலும் கணக்காவே தெரியுமா?”

“குறியே வேணாங்க. வார்த்தையில எழுதித் தொலைங்க,” என்றாள் மனைவி.

அதற்குள் அவருடைய கம்பெனி மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “அங்கேயிருந்து இன்னொரு புகார் வந்தா, நீங்க வேற வேலை பார்த்துக்கலாம்.”

ராப்பகலாக எழுதிய மென்பொருளில் ஒரு தப்பு கிடையாது; ஒரு கோட்டுக்காக வேலை போவதா? என்ன அநியாயம் இது?

‘இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை, இரண்டும் உட்பட’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, நேரில் போய் மேடத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

“இப்பவாவது புரியுதா?”

மேடம் திரையை மேலும் கீழும் பார்த்தார். கேட்க ஒன்றும் அகப்படவில்லை.

“புரியுது,” என்றார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

போன உயிர் திரும்பி வந்தது மென்பொருள்காரருக்கு. நிமிர்ந்த நடையோடு வெளியே வந்தார். வாசலில் காவலாளி மறித்தார்.

“பிரிண்டரைப் பார்த்தீங்களா சார்?”

“அதுக்கு இனிமே அவசியமில்லப்பா. மேடத்துக்குப் புரிஞ்சிடுச்சு.”

“அது முதல் நாளே புரிஞ்சிடுச்சு சார். நீங்க வந்தாத்தானே பிரிண்டர் ஓடுது?”