அபூ ஸுஹைபின் நம்பகமான வட்டாரம்

உள்விஷயம் அறிந்தவர் என்று ஓர் இனம் உண்டு. அம்மான் நகரத்தில் அது காப்பிக்கடைக்கு ஒன்று வீதம் விளைகிறது. எங்கள் பேட்டைக்கு வாய்த்தவர் அபூ ஸுஹைப், நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் வந்ததா? பொய். அரசாங்கம் மறுத்ததா? பாதி உண்மை. யாருமே வாய் திறக்கவில்லையா? ஊர்ஜிதம். பெரிய மனிதர்கள் நாலு பேர் எங்காவது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் போதும், அது சுவிட்சர்லாந்து மலை ஓட்டலானாலும் சரி, சாக்கடல் கரை விடுதியானாலும் சரி, மேசைக்கடியில் தாமே பதுங்கியிருந்தவர் மாதிரி, எந்த நாட்டை யாருக்கு எழுதி வைத்தார்கள், கோதுமை விலை எப்போது ஏறும் என்று புட்டுப் புட்டு வைப்பார். யார் சொன்னது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லக்கூடாத இடம்" என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு மேல்தெருவிலேயே ஒரு ரகசியக் கூட்டம் கிடைத்தால் விடுவாரா? அபூ தாமிர் வீட்டு வாசலில் கறுப்புக் கார்கள் வந்து நின்றன. ஒரு மாஜி மந்திரி இறங்கினார். ஒரு பாஷா இறங்கினார், ராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர். கதவு சாத்தப்பட்டது.

"அது நம்ம பொண்ணு லுஜைன் விஷயம்," என்றாள் அபூ ஸுஹைபின் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே. "அபூ தாமிரோட தங்கச்சி மகனுக்குப் பொண்ணு கேக்கப் போறாங்க. வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கப்புறம் ஜாஹா வருது. நீங்க சரின்னாத்தான் காப்பியத் தொடுவாங்க. வீட்ல இருங்க."

"உனக்கு யார் சொன்னா?"

"பையனோட அம்மா."

"பாத்தியா, வெளிய சொல்லுன்னு சொல்லிக்குடுத்த கதை. ஒரு பல் டாக்டருக்குப் பொண்ணு கேக்க பாஷா வருவாரா?"

வராமல்? பெண் கேட்க மந்திரியையும் பாஷாவையும் முன்னால் நிறுத்திப் போவதுதானே எங்கள் ஊர் ஜாஹா! இவர் தம்பிக்கே அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் ஊருக்கே தெரிந்தது உண்மையாக இருக்க முடியாது என்பது இவர் கொள்கை.

வியாழக்கிழமை, மேல்தெரு முனையில் காருக்குள் உட்கார்ந்து வேவு பார்த்தார். கறுப்புக் கார்கள் புறப்பட்டன. இவரும் பின்னாலேயே போனார். அவை சுற்றி வளைத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்கு வந்து, இவர் வீட்டு வாசலிலேயே நின்றன. நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியிருப்போம். இவர் இருக்கையில் சரிந்து படுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுபோச்சு," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "என்னைத்தான் தேடி வந்திருக்காங்க."

உள்ளே மாஜி மந்திரி முன்னால் காப்பிக் கிண்ணம் தொடாமல் இருந்தது. பெண்ணைப் பெற்றவரைக் காணோம். பாஷா கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. அந்தக் காப்பியைக் குடிக்காமல் அவர்கள் எழுந்து போனால் சம்பந்தம் முறிந்தது. ஜன்னல் வழியே லுஜைன் காரைக் கண்டுகொண்டாள். இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"பாபா, இறங்குங்க."

"உள்ள எதுக்கு வந்திருக்காங்க? உண்மையச் சொல்லு."

"என்னைக் கேட்டு."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன் பாபா. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. எழுந்து போயிருவாங்க, வாங்க."

மறைவில்லாமல், கண்ணெதிரே நின்று செய்தி சொன்ன வட்டாரத்தை அவர் அன்றுதான் பார்த்தார். மகள் கண்ணில் தண்ணீர் வேறு. மனிதர் இறங்கினார்.

மாஜி மந்திரி எழுந்து, இறைவன் பெயர் சொல்லிப் பெண் கேட்டார். அபூ ஸுஹைப் அவர் காதருகே குனிந்தார். "இதுக்கடியில வேற ஒண்ணுமில்லையே?"

"ஒரு பல் டாக்டர் இருக்கான், அபூ ஸுஹைப். நல்ல பையன். அவ்வளவுதான்."

"அப்ப உங்க காப்பியக் குடிங்க," என்றார் இவர். உள்ளேயிருந்து பெண்களின் குலவை கிளம்பியது. ஆறிப்போன காப்பியை அத்தனை சந்தோஷமாக எந்த மந்திரியும் குடித்ததில்லை.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாள் காப்பிக்கடையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் சொன்னது இது: "கல்யாணப் பேச்சுன்னு வெளிய சொல்லிக்கிட்டோம். நடந்ததே வேற."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். எந்தப் பத்திரிகை யார் கையில், எந்த மாநாட்டில் எவன் என்ன பேசினான் என்பதெல்லாம் உங்களுக்கும் அத்துப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். இன்று காலையில் உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் என்னவோ சொன்னாரே, அது என்ன?